போயா இரவுக்கு எந்தப் போலி ஆவணப்படம் போடலாம்?

போலி ஆவணப்படங்களில், அதாவது கற்பனைக் கதையை நிஜ ஆவணப்படம் போலவே எடுத்த படங்களில், நல்லவை எவை என்று தேடினால், பெரும்பாலான பட்டியல்களின் முன்வரிசையில் நிற்பது 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்'. இல்லாத ஒரு ரொக் குழுவைப் பற்றியது; 1984இல் வந்தது, 82 நிமிடம், ரொப் ரைனர் இயக்கிய முதல் படம். பட்டியலை நம்பி, வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் ஹோலில் எட்டுப் பேரை இருத்தி அதைப் போட்டுப் பாருங்கள். ரொக் இசை கேட்டு வளர்ந்த இரண்டு பேர் வயிறு நோகச் சிரிப்பார்கள். மிச்சம் ஆறு பேரும் பத்தாவது நிமிடத்தில் போனைக் கையில் எடுத்துவிடுவார்கள். படத்தில் பிழை இல்லை. அந்த ஆறு பேரிலும் பிழை இல்லை.

இந்த வகைப் படம் தனிக் காலில் நிற்பதில்லை. தான் பகிடி பண்ணுகிற அசலின் மீது சாய்ந்துதான் நிற்கும். அசலை அறியாதவர் கண்ணுக்குப் பகிடி படாது. ஆவணப்படம் மட்டுந்தான் படும், அதுவும் சலிப்பான ஆவணப்படம். 2010இல் வந்த 'தமிழ்ப் படம்' எங்களுக்கு ஏன் அவ்வளவு சிரிப்பு? ஒரே பாட்டுக்குள் கோடீஸ்வரனாகும் கதாநாயகர்களைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். தமிழ் சினிமாவே பார்த்திராத ஒருவருக்கு அந்தக் காட்சியை எப்படி விளங்கப்படுத்துவது? அது நையாண்டிப் படம், போலி ஆவணப்படம் என்ற கணக்கில் வராது. ஆனால் விதி இரண்டுக்கும் பொது.

ஆகவே உலகத்திலேயே சிறந்தது எது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். உங்கள் ஹோலுக்கு வரப்போகிறவர்களுக்கு எந்த அசல் ஏற்கெனவே பழக்கம் என்று யோசியுங்கள். கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்த அளவுகோலில்தான்.

இன்னொன்றையும் முதலே பிரித்துவிட வேண்டும். தொலைந்துபோன கமராவில் கிடைத்த காட்சி என்று சொல்லி ஆட்டி ஆட்டிக் காட்டும் பேய்ப் படங்கள் வேறு சாதி. அங்கே நாம் பார்ப்பது வெட்டி ஒட்டாத நாடா. போலி ஆவணப்படம் என்றால் பேட்டி இருக்கும், பின்னணிக் குரல் இருக்கும், பழைய புகைப்படம் இருக்கும், யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒழுங்காகத் தொகுத்திருப்பார். அந்த ஒழுங்குதான் புளுகை நம்ப வைக்கிறது.

நாலு காட்டேறிகளும் ஒரு வாடகை வீடும்

கலப்பான கூட்டத்துக்கு, அதாவது படப் பைத்தியம் இரண்டு பேர், சும்மா பம்பலுக்கு வந்தவர்கள் நாலு பேர், 'ஏதாவது போடுங்கோ' என்கிறவர்கள் இரண்டு பேர் என்று இருந்தால், எங்கள் தெரிவு 'வட் வி டூ இன் த ஷடோஸ்'. 2014, நியூசிலாந்து, 86 நிமிடம். டைகா வைடிடியும் ஜெமெய்ன் கிளெமென்டும் எழுதி, இயக்கி, நடித்தும் இருக்கிறார்கள்.

வெலிங்டன் நகரத்து வீடொன்றில் நாலு இரத்தக் காட்டேறிகள் சேர்ந்து இருக்கிறார்கள். வயது முறையே 8,000, 862, 379, 183. கழுத்தில் சிலுவை மாட்டிக்கொண்டு ஒரு ஆவணப்படக் குழு அவர்களைப் படம் பிடிக்கப் போகிறது. வீட்டில் முதலில் வெடிக்கும் சண்டை எதைப் பற்றி என்றால், கோப்பை கழுவும் முறையைப் பற்றி. 183 வயதுக்காரரான டீக்கன் ஐந்து வருடமாகத் தன் முறைக்குக் கழுவவில்லை. வீட்டுக் கூட்டம் கூட்டப்படுகிறது. போர்டிங்கில் இருந்து படித்தவர் யாராவது ஹோலில் இருந்தால் இந்த இடத்திலேயே படம் வென்றுவிடும்.

இதற்குத் தேவையான அசல் இரண்டுதான். ஒன்று, பலர் சேர்ந்து ஒரு வீட்டில் இருந்த அனுபவம். மற்றது, டிராகுலாவைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த மூன்று விதி: கண்ணாடியில் உருவம் விழாது, வெயில் பட்டால் எரிந்துபோகும், யாராவது அழைக்காமல் உள்ளே வர முடியாது. மூன்றாவது விதியால், நைட் கிளப் வாசலில் நிற்கும் காவலாளியிடம் 'எங்களை உள்ளே வரச் சொல்லுங்கள்' என்று காட்டேறிகள் மன்றாட வேண்டியிருக்கிறது. விதி தெரியாத ஒருவர் இருந்தாலும் பக்கத்தில் இருப்பவர் ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம். ஒரு வசனத்தில் சொல்லி முடிக்கக்கூடிய அசலா என்பதே கலப்புக் கூட்டத்துக்குப் படம் தெரிவுசெய்யும்போது பார்க்க வேண்டிய முதல் சோதனை.

செய்த விதமும் கவனிக்க வேண்டியது. திரைக்கதை எழுதினார்கள், ஆனால் நடிகர்களிடம் காட்டவில்லை. சந்தர்ப்பத்தை மட்டும் சொல்லிவிட்டுக் கதைக்க விட்டார்கள். சேர்ந்த காட்சிகள் ஏறக்குறைய 125 மணித்தியாலம். அதிலிருந்து வெட்டி எடுத்ததுதான் இந்த 86 நிமிடம். காட்டேறிகளின் மனித நண்பனாக வரும் ஸ்டு நிஜத்திலும் கணினித் துறைக்காரர். தனக்குச் சின்ன வேலைதான் என்று நினைத்து வந்தவர். ஒன்றுமே நடக்காதது போன்ற அந்த முகத்தை நடிப்பால் கொண்டுவருவது கஷ்டம்.

எச்சரிக்கை இரண்டு. இரத்தம் வரும், கொஞ்சமாக அல்ல. வியாகோ என்ற துப்புரவான காட்டேறி, விருந்தாளிப் பெண்ணைக் கடிக்க முன்னர் சோஃபாவும் நிலமும் பழுதாகக் கூடாது என்று பத்திரிகைத் தாள் விரிப்பார். பிறகு பிசகிப்போய்ப் பிரதான நாடியில் கடித்துவிடுவார். சுவர் வரைக்கும் பீச்சும். பகிடிதான், ஆனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். (இறைச்சிக் கடைகளைக்கூடப் பூட்டி வைக்கும் போயா நாளில் இதைப் போடுவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது என்பது வேறு கதை.) இரண்டாவது, நியூசிலாந்து உச்சரிப்பில் எகரம் இகரம்போல ஒலிக்கும், 'பென்' என்பது 'பின்' போலக் கேட்கும். ஆங்கில வசனவரியைப் போட்டே ஆரம்பியுங்கள். தமிழ் வசனவரி கிடைப்பது அரிது.

ஸ்பைனல் டாப்: எப்போது போட வேண்டும்

அதற்காக ஸ்பைனல் டாப்பை ஒதுக்கச் சொல்லவில்லை. இந்த வகையின் இலக்கணத்தை எழுதியது அதுதான். 2002இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள். இல்லாத ஒரு ஆங்கிலேய ரொக் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போகிறது, அரங்குகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. கிறிஸ்டோபர் கெஸ்ட், மைக்கல் மக்கீன், ஹரி ஷியரர் மூவரும் பாட்டையும் தாங்களே எழுதி, தாங்களே வாசிக்கிறார்கள். வசனம் பெரும்பாலும் அந்தந்த இடத்தில் வாயில் வந்தது. வெளிவந்த காலத்தில் அது உண்மையான குழு என்று நம்பியவர்களும் இருந்தார்கள்.

ரொக் பின்னணி இல்லாதவருக்கும் பிடிபடக்கூடிய இரண்டு இடம் உண்டு. ஒன்று, குமிழ்கள் 10 வரைக்கும் இல்லாமல் 11 வரைக்கும் போகும் கிட்டார் ஒலிபெருக்கி. 10ஐயே இன்னும் சத்தமாக்கினால் போதாதா என்று கேட்டால், வாத்தியக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இது 11 வரை போகுமே' என்கிறார். கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவருடன் ஒருமுறையாவது வாக்குவாதப்பட்டவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

மற்றது ஸ்டோன்ஹெஞ்ச் காட்சி. இங்கேதான் சின்னக் குறிப்பொன்று தவறிப்போய்விடும். மேடைக்குப் பெரிய கற்றூண் வேண்டுமென்று, குழுவின் கிட்டார்காரர் நைஜல் ஒரு கடதாசித் துவாயில் வரைந்து கொடுக்கிறார். 18 அடி என்று எழுத நினைத்தவர், எண்ணுக்குப் பக்கத்தில் ஒற்றைக் கீறு போடுவதற்குப் பதிலாக இரட்டைக் கீறு போட்டுவிடுகிறார். ஒற்றைக் கீறு அடி, இரட்டைக் கீறு அங்குலம். செய்கிறவர் எழுதியபடியே செய்து கொடுக்க, கச்சேரி நடுவில் ஒன்றரை அடிக் கல் ஒன்று மேலிருந்து இறங்கி வருகிறது. கீறின் விளக்கம் வசனவரியில் வராது. வீடு கட்டி, மேசன்பாஸுடன் அளவு கதைத்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு, துவாய் திரையில் தெரியும் இடத்தில் நிறுத்திக் காட்டுவது நல்லது.

இதைத்தான் போடுவது என்று முடிவெடுத்தால் ஒரு முன்னேற்பாடு செய்யுங்கள். மார்ட்டின் ஸ்கோர்செசி 1978இல் எடுத்த 'த லாஸ்ட் வோல்ட்ஸ்' உண்மையான ஆவணப்படம். அதில் இயக்குநரே முன்னால் இருந்து வாத்தியக்காரர்களைப் பயபக்தியோடு பேட்டி காண்பார். அதில் பேட்டியும் பாட்டும் கலந்த பத்து நிமிடத்தை முதலில் போடுங்கள். பிறகு ஸ்பைனல் டாப்பின் தொடக்கத்தில் தொப்பியோடு வந்து நிற்கும் 'இயக்குநர்' மார்ட்டி டிபெர்கியைப் பார்த்ததும் ஆட்களுக்கு ஓடி வெளிக்கும். நடிப்பவர் ரொப் ரைனரேதான். 2025இல் வந்த இரண்டாம் பாகத்தை முதல் பாகம் பார்க்காதவர்களுக்குப் போட வேண்டாம்.

நாய்க் கண்காட்சியும் வர்ணனையாளரும்

ஸ்பைனல் டாப்பில் நடித்த அதே கிறிஸ்டோபர் கெஸ்ட் பிற்பாடு தானே இயக்கிய வரிசையில் கொழும்புக் கூட்டத்துக்கு மிகவும் பொருந்துவது 'பெஸ்ட் இன் ஷோ' (2000, 90 நிமிடம்). பிலடெல்பியாவில் நடப்பதாகச் சொல்லும் நாய்க் கண்காட்சி. நாயை விட அதன் சொந்தக்காரர்களுக்குத்தான் கிறுக்கு. எங்களில் பெரும்பாலானோர் நாய்க் கண்காட்சிப் பக்கம் போயிருக்க மாட்டோம், ஆகவே முதல் 40 நிமிடம் கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். பொறுத்திருக்க வேண்டிய காரணம் பிரெட் வில்லர்ட். விளையாட்டைப் பற்றி எதுவுமே தெரியாமல், ஆனால் ஒரு நொடிகூட வாய் மூடாமல் கதைக்கும் வர்ணனையாளராக வருகிறார். பக்கத்தில் இருக்கும் நிபுணர் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லுவார். மழையால் ஆட்டம் நின்றிருக்கும் நேரத்தில் கிரிக்கெட் வர்ணனை கேட்ட எவருக்கும் இந்த ஆள் பழக்கமானவர். அசல் வேறு எங்கோ இருந்தாலும், அதே சாயலில் எங்களிடம் ஒன்று இருந்தால் போதும் என்பதற்கு நல்ல உதாரணம். கெட்ட வார்த்தையும் இரத்தமும் ஷடோஸை விடக் குறைவு. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம், சில வசனங்களில் நெளிய வேண்டிவரும்.

பழைய படச்சுருள் புளுகுகள்

இனி வேறு வகை. கதைத்துச் சிரிக்க வைப்பவை அல்ல, பார்த்தாலே ஏமாறவைப்பவை. ஆங்கிலச் சிலேடை பிடிபடாத பெரியவர்கள் ஹோலில் இருந்தால் இந்த வகைதான் சரிவரும், ஏனென்றால் இதற்குத் தேவையான அசல் கறுப்பு வெள்ளைச் செய்திப்படமும் கம்பீரமான பின்னணிக் குரலும்தான். ரூபவாஹினி பார்த்து வளர்ந்தவர்களுக்கும் பிபிசி கேட்டு வளர்ந்தவர்களுக்கும் அது அத்துப்படி.

'ஸெலிக்' (1983, 79 நிமிடம்) வுடி அலன் படம். பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் போலவே மாறிவிடும் ஒரு மனிதன்; காலம் 1920, 30கள். ஹிட்லரின் கூட்டத்தில்கூடப் பின்னுக்கு நிற்கிறான். கணினி வேலை ஒன்றும் இல்லாத காலம். 'த கோட்ஃபாதர்' படத்தின் ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் பழைய லென்ஸுகளைத் தேடி எடுத்து, அந்தக் காலத்து வெளிச்சத்தை அமைத்து, பிலிமில் வேண்டுமென்றே கீறல் விழ வைத்து, அசல் செய்திப்படத்தோடு சேர்த்தார். ஒளிப்பதிவுக்கு ஒஸ்கார் பரிந்துரை கிடைத்தது. நடுவில் சூசன் சொன்டாக், சோல் பெலோ போன்ற நிஜமான அறிஞர்கள் நிறத்தில் வந்து, இல்லாத அந்த மனிதனைப் பற்றி முகம் சுளிக்காமல் கருத்துச் சொல்வார்கள். குறை என்றால், மாறும் காட்சிகளில் சில இன்றைக்குச் சங்கடம். வேற்று இனத்தவர் போல ஒப்பனை போட்டுச் சிரிப்பு வாங்கிய காலத்தின் எச்சம். கதையும் சூடு பிடிக்கும் ரகம் அல்ல. வேலைப்பாட்டை ரசிப்பவர்களுக்கே.

அதனோடு ஒப்பிட்டால் 'ஃபொர்கொட்டன் சில்வர்' எங்களுக்கு ஒரு படி மேல். 1995, ஏறக்குறைய 53 நிமிடம், நியூசிலாந்துத் தொலைக்காட்சிக்காக எடுத்தது. இயக்கியவர்கள் கொஸ்டா போட்ஸும், அப்போது 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' பக்கமே போயிராத பீட்டர் ஜக்ஸனும். கொலின் மக்கென்ஸி என்ற மறக்கப்பட்ட சினிமா மேதையின் சுருள்கள் ஒரு தோட்டக் கொட்டிலில் கிடைத்ததாக ஜக்ஸன் நேரடியாகக் கமராவைப் பார்த்துச் சொல்கிறார். முட்டை வெள்ளைக் கருவிலிருந்து பிலிம் செய்தார், உலகின் முதல் பேசும்படத்தை 1908இலேயே எடுத்தார் என்று வரிசையாக அடுக்குகிறார்கள். அந்தப் பேசும்படம் ஏன் தோற்றது? எல்லா வசனமும் சீன மொழி. வந்த சனத்துக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

கிட்டப் போய்ப் பார்க்க வேண்டிய இடம் விமானக் காட்சி. ரிச்சர்ட் பியர்ஸ் என்ற நியூசிலாந்துக்காரர் நிஜமாகவே வாழ்ந்தவர். விமானம் செய்து பறக்க முயன்றவர். அவர் பறப்பதை மக்கென்ஸி படம் பிடித்ததாக ஒரு சுருளைக் காட்டுகிறார்கள். திகதி எப்படித் தெரியும்? வேடிக்கை பார்க்கும் ஒருவரின் சட்டைப் பையில் மடித்து வைத்த பத்திரிகை இருக்கிறது. கணினியில் அதைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கி, திகதியை வாசிக்கிறார்கள்: 1903 மார்ச். ரைட் சகோதரர்களுக்கு ஒன்பது மாதம் முந்தியது. உண்மையான பெயர் ஒன்று, உண்மையான சர்ச்சை ஒன்று, அதற்குமேல் ஒரு துளி 'விஞ்ஞானம்'. புளுகு இப்படித்தான் கட்டப்படுகிறது. ஒளிபரப்பானபோது நிறையப் பேர் நம்பினார்கள். நாடகங்களுக்கான நேரத்தில்தான் போட்டார்கள் என்பதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. உண்மை தெரிந்ததும் கோபக் கடிதங்கள் வந்தன.

இந்தப் படத்தை மட்டும் பெயர் சொல்லாமல், வகை சொல்லாமல் போடுங்கள். 'மறக்கப்பட்ட ஒரு இயக்குநரைப் பற்றிய ஆவணப்படம்' என்றால் போதும். எல்லோரும் ஏமாற மாட்டார்கள். முட்டையில் ஒருவர் சந்தேகப்படுவார், சீன மொழியில் இன்னொருவர். யார் எங்கே பிடித்தார் என்பதைப் பற்றிய கதைதான் அன்றிரவின் மீதிப் பொழுது. முதலே போனில் தேடுகிற ஆளைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

முன்னுக்கு ஒரு குட்டித் துண்டும் சேர்க்கலாம். 1957 ஏப்ரல் 1ஆம் திகதி பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில், சுவிற்சர்லாந்தில் மரத்திலிருந்து ஸ்பகெட்டி அறுவடை செய்வதாக ரிச்சர்ட் டிம்பிள்பி பின்னணிக் குரல் கொடுத்த துண்டு. மூன்று நிமிடமளவில்தான். அப்போது பிரிட்டனில் பலருக்கு ஸ்பகெட்டி அந்நியமான சாப்பாடு. செடி எப்படி வளர்ப்பது என்று தொலைபேசியில் கேட்டார்கள். ஸ்பகெட்டி துண்டு, அதன்பின் ஃபொர்கொட்டன் சில்வர், இருபது நிமிடம் கொத்து ரொட்டிக்கு, அதன்பின் ஷடோஸ். எட்டு மணிக்குத் தொடங்கினால் பத்தே முக்காலுக்கு முடியும். எங்களைக் கேட்டால் இதைவிட நல்ல வரிசை இல்லை.

சிரிக்கக் கூடாதவை

பீட்டர் வொட்கின்ஸின் 'த வோர் கேம்' 48 நிமிடம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அணுகுண்டு விழுந்தால் என்ன நடக்கும் என்பதைச் செய்தி அறிக்கை போலவே எடுத்தது. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்ல, சாதாரண ஊர்ச்சனம். பிபிசிக்காக 1965இல் எடுத்து, பயங்கரம் தாங்காது என்று பிபிசியே ஒளிபரப்ப மறுத்தது. தியேட்டரில் ஓடியது, சிறந்த ஆவணப்படத்துக்கான ஒஸ்காரும் பெற்றது, நடக்காத சம்பவத்தைக் காட்டியதற்காக. தொலைக்காட்சியில் வந்தது 1985இல்தான்.

தரத்தில் இந்தப் பட்டியலிலேயே இதுதான் முதலாவது என்று வாதாடலாம். ஆனால் மேலே சொன்ன அளவுகோல் இங்கே மறுபக்கமாக வெட்டும். அசலை அறிந்தவர்களுக்கு இது தேவைக்கு அதிகமாகவே வேலை செய்யும். பதுங்குகுழிக்குள் இருந்தவர்கள், நிவாரண வரிசையில் நின்றவர்கள், இடம்பெயர்ந்து வந்தவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். குண்டுக்குப் பயந்து குடும்பங்கள் ஒளியும் காட்சியை அவர்கள் ஒரு பார்வையாளராக இருந்து பார்க்க மாட்டார்கள். என்ன படம் என்று முழுமையாகச் சொல்லி, விருப்பமானவர்கள் மட்டும் இருந்து பாருங்கள். வேறொன்றோடு சேர்த்துப் போட வேண்டாம்.

அவுஸ்திரேலியாவின் 'லேக் மங்கோ' (2008) இன்னொரு மாதிரி. மூழ்கி இறந்த பதினாறு வயதுப் பெண், துக்கத்தில் இருக்கும் குடும்பம், புகைப்படங்களில் தெரியும் உருவம். பேய்ப் படம் என்று விற்கிறார்கள். உண்மையில் இழவு வீட்டுப் படம். மங்கலான கைப்பேசிக் காட்சி ஒன்றில்தான் முழுப் படமும் தங்கி நிற்கிறது. ஆகவே விளக்கை அணைத்து, மூன்று பேருக்கு மேல் இல்லாமல் பார்க்க வேண்டும். கொத்து ரொட்டிச் சத்தம் கேட்கிற ஒழுங்கையில் யன்னலையும் சாத்துங்கள்.

ஆங்கிலமே வேண்டாம் என்றால்

'ஏகே வெர்சஸ் ஏகே' (2020, 108 நிமிடம், இந்தி). அனுராக் கஷ்யப் தன்னையே நடிக்கிறார், அனில் கபூரும் தன்னையே நடிக்கிறார். ஒருவர் மற்றவரின் மகளைக் கடத்திவிட்டு, தேடுவதைப் படம் பிடிக்கிறார். இயக்கம் விக்ரமாதித்ய மோட்வானே. அனுராக்கை 'இமைக்கா நொடிகள்', 'மகாராஜா' வில்லனாக எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். கெட்ட வார்த்தை தாராளம். நெட்ஃபிளிக்ஸ் சொந்தமாக வெளியிட்டது என்பதால் மற்றவற்றைப் போல இன்றைக்கு இருந்து நாளைக்குக் காணாமல் போகும் சிக்கல் குறைவு.

'போராட்' (2006) பலர் கேட்பார்கள். அப்பா அம்மா, மாமி, பக்கத்து வீட்டு அன்ரி இருக்கும் ஹோலில் வேண்டவே வேண்டாம். அதில் எங்களுக்கு உறுத்துவது ஆபாசம் மட்டும் இல்லை. கஸகஸ்தான் என்று காட்டியது உண்மையில் ருமேனியாவின் குளோட் என்ற ஏழைக் கிராமம். தங்களுக்கு உண்மை சொல்லவில்லை என்று அந்தச் சனம் வழக்குக்கும் போனது. பெல்ஜியத்தின் 'மேன் பைட்ஸ் டோக்' (1992), கொலைகாரன் ஒருவனின் பின்னால் போகும் ஆவணப்படக் குழு மெல்ல மெல்ல அவனுக்கே கையாளாகிற கதை. அபாரமான படம், தனியே பார்க்க வேண்டியது. நடுவில் வரும் பாலியல் வன்முறைக் காட்சி தெரியாமல் யாரையும் இருத்திவிடாதீர்கள்.

போடுவதற்கு முன்

தேடும்போது பெயர் குழப்பும். ஷடோஸ் என்று தேடினால் முதலில் வருவது 2019இலிருந்து 2024 வரை ஓடிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடராக இருக்கலாம். ஆண்டு 2014 என்று பார்த்து எடுங்கள். வோர் கேம் என்று தேடினால் 1983இல் வந்த, கணினிக்குள் புகும் பையனின் ஹொலிவுட் படம் வரும்.

டிவியில் அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை நிறுத்துங்கள். சோனியில் மோஷன்ஃப்ளோ, சம்சுங்கில் ஓட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன் என்று இருக்கும். அது வேலை செய்தால் 1920களின் சுருள் நேற்று எடுத்த ரெலி நாடகம் போலத் தெரியும். ஸெலிக்கும் ஃபொர்கொட்டன் சில்வரும் அங்கேயே செத்துவிடும். போன் ஹொட்ஸ்பொட்டில் பார்ப்பதானால் தரத்தை நடுத்தரத்துக்கு இறக்குங்கள். நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் உயர்தரம் மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை இழுக்கும், நடுத்தரம் 0.7 ஜிபி அளவில்தான்.

படம் முடிந்து பெயர்கள் எழுத்தில் ஓடும்போது நிறுத்த வேண்டாம். இதைப் பலர் தவற விடுகிறார்கள், தளங்களும் அடுத்த படத்தைத் தள்ளிவிடுகின்றன. திரை சுருங்கியதும் எழுத்தைப் பார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். ஷடோஸில் எல்லாம் முடிந்த பிறகு டீக்கன் வந்து உங்களையே மயக்கி, பார்த்ததை மறக்கச் சொல்வார். லேக் மங்கோவில் அது பகிடிக்கு இல்லை: முன்னர் பார்த்த அதே காட்சிகளில் எங்கள் கண்ணில் படாமல் போனது என்ன என்பதை எழுத்தோடு சேர்த்துத்தான் காட்டுகிறார்கள். அதைப் பார்க்காதவர் பாதிப் படம்தான் பார்த்தவர்.

எழுத்துப் பகுதி இன்னும் முக்கியமாவது வில்லியம் கரெல் 2002இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்கு எடுத்த 'ஒபரேசியோன் லூன்' படத்தில். 52 நிமிடம். நிலவில் இறங்கிய காட்சியை இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் ஸ்டூடியோவில் எடுத்துக் கொடுத்தார் என்று 'நிரூபிக்கிறார்கள்'. அமெரிக்க அரசியல்வாதிகளான கிசிஞ்சர், ரம்ஸ்ஃபெல்ட், நிலவில் நடந்த ஓல்ட்ரின், குப்ரிக்கின் மனைவி எல்லோரும் நிஜமாகவே பேசுகிறார்கள். அவர்களின் பேச்சு வெட்டி வேறு இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது. இடையில் வரும் மற்றச் சாட்சிகள் நடிகர்கள். பெயர்களைக் கவனித்தால் பிடிக்கலாம்: ஒருவர் பெயர் ஜக் டொரன்ஸ், இன்னொருவர் டேவிட் போமன், இரண்டுமே குப்ரிக் படப் பாத்திரங்கள். கடைசியில் எழுத்தோடு நடிகர்கள் வசனம் தடுமாறிச் சிரிப்பதும் வரும். அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டு, மிச்சத்தை உண்மை என்று பரப்பியவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இதிலிருந்து துண்டு எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். கனடாவிலிருந்து சித்தப்பா மூன்று மாதத்துக்குப் பிறகு அதே துண்டைத் திருப்பி அனுப்புவார், 'இதைப் பாருங்கோ, எத்தனை வருசம் ஏமாத்தியிருக்கிறாங்கள்' என்று.

ஸ்பைனல் டாப் கூட்டத்துக்குப் பிடித்துப்போனால் அடுத்த போயாவுக்கு 'அன்வில்' (2008) எடுங்கள். கனடாவின் ஹெவி மெட்டல் குழுவொன்று, பெரிதாக வராமல் போனவர்கள், சின்ன அரங்குகளில் அலைகிறார்கள், ஸ்டோன்ஹெஞ்சுக்குக்கூடப் போகிறார்கள். இது அத்தனையும் உண்மை. ட்ரம்ஸ் வாசிப்பவர் பெயர் ரொப் ரைனர், ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு எழுத்து மட்டும் கூட. இயக்குநரின் பெயரை வைத்துப் பகிடி விடுகிறார்கள் என்று ஹோலில் யாராவது கட்டாயம் சொல்லுவார். சொல்லட்டும், படம் முடிந்த பிறகு திருத்திக்கொள்ளலாம்.